ஞாயிறு சாயங்காலம் எங்கள் வளவில் பாலே

அரையாண்டு லீவுக்குப் பிள்ளைகள் காரைக்குடிக்கு வந்திருப்பதால், ஞாயிறு 6 மணிக்கு எங்கள் வீட்டு வளவில் திரை கட்டி 'நட்கிராக்கர்' பாலே (இசைக்கு ஆடிக் கதை சொல்லும் மேல்நாட்டு நாட்டிய நாடகம்) போடுகிறோம். ரஷ்ய இசையமைப்பாளர் சாய்கோவ்ஸ்கி இசை, 1892இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் முதலில் ஆடியது, வசனமே கிடையாது, அதனால் மொழி புரியாது என்று அப்பத்தாமார் சாக்குச் சொல்ல முடியாது!

ஒரு சின்னப் பெண்ணுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாக வந்த கொட்டை உடைக்கிற பொம்மை ராத்திரியில் உயிர்பெற்று எலி ராஜாவோடு சண்டை போடும், அப்புறம் அந்தப் பெண்ணை மிட்டாய் ராஜ்ஜியத்துக்குக் கூட்டிப் போகும். இரண்டாம் பாகத்தில் கதை குறைவு, நடனம்தான், எனக்கு அதுதான் உசத்தி, ஆனால் குட்டிகள் அப்போதுதான் ஓட ஆரம்பிக்கும், பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

இடைவேளையில் வெள்ளைப் பணியாரம், காரச் சட்னி. மாவு ஆட்டணும், எத்தனை பேர் என்று வெள்ளிக்குள் இங்கேயே போட்டுவிடுங்கள்.