விழா மேடையில் கேட்கும் இரைச்சல்

ஆசிரியர் அவர்களுக்கு,

முப்பது ஆண்டுகளாகக் கோயில் திருவிழாக் கச்சேரிகளில் ஹவாய் கிட்டார் வாசிக்கிறேன். மடியில் கிடத்தி, கம்பிகள் மேல் எஃகுத் துண்டை நகர்த்தி வாசிக்கும் கருவி. சென்ற மாதம் ஒரு மேடையில் வண்ண விளக்குகளைப் போட்டதும் ஒலிபெருக்கியில் ‘உம்ம்’ என்று இரைச்சல் கிளம்பி, மெல்லிய இழைவுகளையெல்லாம் விழுங்கிவிட்டது. மனம் ஆறவில்லை.

தந்தியின் அதிர்வை மின் சைகையாக மாற்றும் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய பல ஆயிரம் சுற்றுச் செப்புக் கம்பி. தந்தியின் அதிர்வோடு, பக்கத்தில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் காந்தப்புலத்தையும் அது வாங்கிக்கொள்கிறது. இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்த பிக்கப்பில் இந்த இரைச்சல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். என்னுடையது ஒற்றைச் சுருள். பிக்கப் குழிக்குள் செப்புத் தகடு ஒட்டி, அதை எர்த் கம்பியோடு பற்றவைத்தேன். கூடவே வந்த ‘ஜிர்’ ஒலி போயிற்று; ‘உம்’ போகவில்லை. ஆம்ப்ளிஃபயரை விட்டு விலகி, கருவியைச் சற்றே திருப்பி உட்கார்ந்தால் பெருமளவு அடங்குகிறது.

அன்று ஒலி அமைப்பாளர், பிளக்கில் எர்த் பின்னைப் பிடுங்கினால் சரியாகும் என்றார். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். தந்திகளும் எர்த்தோடு இணைந்தவை. வாசிப்பவர் கை எந்நேரமும் அவற்றின் மேல்தான் இருக்கிறது. எர்த் பின் இல்லாதபோது ஆம்ப்ளிஃபயரில் ஒரு பழுது நேர்ந்தால், மின்சாரம் தந்தி வழியே கையில் பாய்ந்து உயிர் போகக்கூடும். விழாக் குழுவினர் விளக்குக்கும் ஒலிக்கும் தனித்தனி லைன் இழுத்து, முறையான எர்த் கொடுக்க வேண்டுகிறேன்.

ஹவாய் கிட்டார் கலைஞர்,
கும்பகோணம்