பனிக்குடம் உடைந்தால் முதலில் மணியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வலி எடுக்கும் முன்பே பனிக்குடம் உடைந்துவிட்டால் வீட்டில் இரண்டு குரல்கள் எழும். "வலி வரட்டும், அப்புறம் போகலாம்" என்பது ஒன்று. "தண்ணி வத்திப்போகும், உடனே ஆபரேஷன் பண்ணச் சொல்லு" என்பது மற்றொன்று. இரண்டும் சரியல்ல. குழந்தை சிறுநீர் கழிக்கக் கழிக்க பனிக்குட நீர் ஊறிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் உறை கிழிந்ததும் கிருமி மேலேறவும் வழி திறந்துவிடுகிறது.

ஆகவே மணியைக் குறித்துக்கொண்டு, நாப்கின் வைத்து, நிறத்தைப் பார்த்துவிட்டு மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். தெளிந்தோ வெளிர்மஞ்சளாகவோ இருந்தால் பதற்றம் வேண்டாம். பச்சை, பழுப்பு, இரத்தச் சிவப்பு, துர்நாற்றம், காய்ச்சல், குழந்தையின் அசைவு குறைதல் என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. தொப்புள்கொடி வெளியே தெரிந்தால் அதைத் தொடாமல், முழங்காலும் மார்பும் தரையில் பட, இடுப்பை உயர்த்திக் குப்புறக் கிடந்தபடி ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

வந்தது பனிக்குட நீர்தானா? சற்று நேரம் மல்லாந்து படுக்கவைத்து, கிருமி நீக்கிய ஸ்பெக்குலத்தால் (யோனியை விரித்துப் பார்க்கும் கருவி) பார்த்தால் யோனியின் பின்பக்கம் நீர் தேங்கி நிற்பது தெரியும். அதில் ஒரு துளியைக் கண்ணாடித் துண்டில் காயவைத்து நுண்ணோக்கியில் பார்த்தால் பெரணி இலைபோலக் கிளை பரப்பியிருக்கும். பனிக்குட நீர் பட்டால் நீலமாகும் சோதனைக் காகிதத்தை மட்டும் நம்ப முடியாது. இரத்தமும் விந்தும்கூட அதை நீலமாக்கிவிடும்.

இங்கே ஒரு கண்டிப்பான வேண்டுகோள்: வலி தொடங்காதவரை விரலால் உள்பரிசோதனை வேண்டாம். 1996இல் வெளியான, 5,041 பெண்கள் பங்கேற்ற ஆய்வின் தரவுகளில், உள்பரிசோதனைகள் கூடக் கூடத் தாய்க்குத் தொற்றும் கூடியது. டியூட்டி மாறும்போதெல்லாம் "நானும் ஒரு தடவை பார்க்கிறேன்" என்று கை வைப்பதுதான் நடைமுறையில் பெரிய தவறு.

37 வாரம் நிறைந்தவர்களில் 10க்கு 6 பேருக்கு 24 மணி நேரத்துக்குள் தானாகவே வலி வந்துவிடும். அதுவரை காத்திருக்கலாம், அல்லது வலியைத் தூண்டும் ஆக்சிடோசின் டிரிப் தொடங்கலாம். டிரிப் போட்டால் சிசேரியனில்தான் முடியும் என்ற பயத்துக்கு அதே ஆய்வில் ஆதாரமில்லை. டிரிப் போட்ட தாய்மாருக்குத் தொற்றும் குறைந்தது. குரூப் பி ஸ்ட்ரெப் (பிரசவத்தில் குழந்தைக்குத் தொற்றக்கூடிய பாக்டீரியா) கிருமி உள்ளவர்கள் காத்திருக்கக் கூடாது. காத்திருப்போருக்கு 4 மணி நேரத்துக்கு ஒருமுறை வெப்பநிலை பார்க்க வேண்டும். 38 டிகிரி செல்சியஸ், குழந்தையின் இதயத் துடிப்பு 160க்கு மேல், இவை எச்சரிக்கை. பல நேரம் காய்ச்சலுக்கு முன்பே தாயின் நாடி வேகமெடுத்துவிடும்.

37 வாரத்துக்கு முன்பு கணக்கே வேறு. தொற்று இல்லையென்றால் காத்திருப்பதே பெரும்பாலும் நல்லது. எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் 250 மி.கி. தினம் 4 வேளை, 10 நாள் தருவது ஒரு முறை. கோ-அமோக்ஸிகிளாவ் என்ற வேறொரு ஆன்டிபயாடிக் கூடாது, அது குறைமாதக் குழந்தையின் குடலைப் பாதிக்கலாம். 34 வாரத்துக்குள் குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்காக பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு தலா 12 மி.கி., 24 மணி நேர இடைவெளியில் 2 ஊசி. அதன் பிறகு இரத்த வெள்ளணுக்கள் தாமாகவே உயரும். அதை மட்டும் வைத்துத் தொற்று என்று முடிவுகட்டி அவசரப்படக் கூடாது. உண்மையாகவே தொற்று வந்துவிட்டால் எத்தனை வாரமானாலும் பிரசவத்தைத் தள்ளிப்போடக் கூடாது.

கேஸ் ஷீட்டின் முதல் வரியில் நீர் உடைந்த நேரமும், அதன் கீழே இதுவரை எத்தனை முறை உள்பரிசோதனை நடந்தது என்ற எண்ணும் எழுதப்பட வேண்டும். எழுதியிருக்கிறார்களா என்று உடன் வருபவர்கள் தயங்காமல் கேட்கலாம்.

இப்படிக்கு,
மகப்பேறு செவிலியர் ஒருவர்