சுரண்டிவிட்டுச் சாலை போடுங்கள்: பேரூராட்சிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயல் அலுவலர் அவர்களுக்கும், மன்றத் தலைவர், உறுப்பினர்கள் அனைவருக்கும்

வணக்கம்.

எங்கள் தெருமுனையில் லாரி லாரியாக ஜல்லி வந்து இறங்கியிருக்கிறது. பொங்கலுக்குள் சாலையைப் போட்டு முடித்துவிடுவோம் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டுப் போனார். புதுச் சாலை வருகிறது என்றால் மக்கள் மகிழ வேண்டும். எங்கள் தெருவிலோ அன்று மாலை திண்ணைக்குத் திண்ணை ஒரே கவலைதான். பழைய தாரைச் சுரண்டி எடுப்பார்களா, அப்படியே மேலே கொட்டிவிட்டுப் போவார்களா? நானே மேற்பார்வையாளரிடம் கேட்டேன். "எஸ்டிமேட்டில் சுரண்டுகிற வேலை இல்லையம்மா" என்றார்.

மறுநாள் உங்கள் அலுவலகத்துக்கு வந்து மனு கொடுத்தேன். எங்கள் தெருப் பெண்கள் பலர் கையெழுத்திட்ட மனு அது. வீட்டுக்குள் தண்ணீர் புகுவதைச் சொன்னோம். வாசல் போய்விட்டதைச் சொன்னோம். மார்கழியில் கோலம் போடவும் தையில் பொங்கல் வைக்கவும் இடமில்லை என்று நான் சொன்னபோது, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "கோலம் போடுவதற்காகவா அரசாங்கம் ரோடு போடுகிறது?"

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஒருவரைக் குறை சொல்வதற்காக எழுதும் மடல் இல்லை இது. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடவும் எனக்கு மனம் ஒப்பவில்லை.

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே மட்டத்தில் புதுச் சாலையைப் போடுங்கள்.

எங்கள் தெருவை உங்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் ஓட்டு வீடுகள், திண்ணைகள், வீட்டுக்குள் முற்றம். நான் மருமகளாக வந்தபோது எங்கள் வீட்டுத் திண்ணைக்கு மூன்று படி ஏற வேண்டும். முதல் படி ஒரு சாலையோடு போயிற்று. அடுத்தது இன்னொரு சாலையோடு. மூன்றாவது படி இருந்த இடம் இப்போது எனக்கும் என் மாமியாருக்கும் மட்டும்தான் நினைவிருக்கிறது. இன்று தெருவிலிருந்து வீட்டுக்குள் ஒரு படி இறங்குகிறோம். எதிர்வீட்டுத் திண்ணை சாலையோடு சமமாகிவிட்டது. அதன்மேல் இருசக்கர வண்டியை ஏற்றி நிறுத்துகிறார்கள்.

ஒரு முறை சாலை போட்டால் அப்படி என்ன உயர்ந்துவிடும் என்று கேட்பீர்கள். ஜல்லி ஓர் அடுக்குக்கு 75 மில்லிமீட்டர், அதன்மேல் தார்க்கலவை 20 மில்லிமீட்டர். இரண்டும் சேர்ந்தால் ஏறக்குறைய நான்கு அங்குலம். கணக்கு உங்கள் பொறியாளருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சாலை உயரும்போது அதை ஒட்டிய சாக்கடைச் சுவரையும் உயர்த்திக் கட்டுகிறார்கள். வீடு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இதனால் நடப்பது என்ன என்பதை ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருநாள் வந்து பார்த்தால் தெரியும். எங்கள் முற்றத்தில் விழும் மழைநீர் வெளியேறுவதற்கு ஒரு தூம்பு உண்டு. கூடத்துத் தரைக்கு அடியில் ஓடி, திண்ணைக்குக் கீழே வெளிவந்து, தெருச் சாக்கடையில் விழும். என் மாமனாரின் தந்தை கட்டிய வீடு. எத்தனையோ புயலுக்கு அந்தத் தூம்பு தண்ணீரை வாங்கி வெளியே விட்டிருக்கிறது. இப்போது சாக்கடையின் மட்டம் தூம்பின் வாயைவிட உயரம். மழை வலுத்தால் உள்ளிருக்கும் தண்ணீர் வெளியே போவதற்குப் பதில் வெளியே இருப்பது உள்ளே வருகிறது. மழைநீர் மட்டும் வந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம். சாக்கடை வருகிறது.

இந்த ஐப்பசியில் அது இரவில் வந்தது. முதலில் நாற்றம், பிறகு தூம்புக்குள் குமிழியிடும் சத்தம். விளக்கைப் போட்டுப் பார்ப்பதற்குள் முற்றம் நிறைந்து கூடத்தில் ஏறிவிட்டது. என் மாமியாருக்கு முழங்கால் மடங்காது. கூடத்தில் தாழ்வான கட்டிலில்தான் படுப்பார். கட்டில் கால் நனைந்தபோது அவரை நாற்காலியோடு தூக்கி மேடையில் உட்கார வைத்தோம். என் கணவர் சாக்கைச் சுருட்டித் தூம்பை அடைத்தார். அடைத்தால் வானத்திலிருந்து முற்றத்தில் விழும் மழை வெளியேற வழியில்லை, திறந்தால் சாக்கடை. விடியும்வரை அடைப்பதும் திறப்பதும் வாளியில் மொண்டு கொல்லையில் ஊற்றுவதுமாக இருந்தோம். அரிசி டிரம்மை உயர்த்தி வைக்க முடிந்தது. அடுக்கின் கீழ்த்தட்டில் இருந்த மகளின் பள்ளிப் புத்தகங்களும் என் கோல நோட்டுகளும் நனைந்துபோயின. மறுநாள் கூடத்தைக் கழுவிக் கழுவியும் அந்த நாற்றம் போக நாளாயிற்று. மாமியார் அன்று முழுவதும் சாப்பிடவில்லை. "பூஜை செய்கிற கூடமடி இது" என்று மட்டும் சொன்னார்.

இது என் வீட்டுக் கதை. தெருவில் இறங்கிக் கேளுங்கள், வீட்டுக்கு வீடு இதே கதைதான் கிடைக்கும். தூம்பையே சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டு, முற்றத்துக்குமேல் தகரம் போட்டுக்கொண்டார்கள் சிலர். வசதி உள்ளவர்கள் வீட்டை இடித்துவிட்டு நான்கடி உயரத்தில் புது வீடு கட்டிக்கொண்டார்கள். வசதி இல்லாதவர்கள் என்ன செய்வது? அடுத்த சாலைக்கு அந்த நான்கடி வீடும் தாழ்ந்துதானே போகும்?

இனி அந்தக் கோலத்துக்கு வருகிறேன்.

எனக்குப் பள்ளி நாளிலிருந்தே கோலத்தில் பைத்தியம். பத்திரிகையில் வரும் கோலத்தை வெட்டி ஒட்டுவது, யார் வீட்டு வாசலிலாவது புதிதாகப் பார்த்தால் பஸ் டிக்கெட்டின் பின்புறம் புள்ளி வைத்துக்கொண்டு வருவது, பிறகு நோட்டில் வரைந்து பார்ப்பது. பதினைந்து புள்ளி, ஊடுபுள்ளி எட்டு முடிய என்றால் கண்ணை மூடிக்கொண்டும் போடுவேன். எனக்குப் பிடித்தது சிக்குக்கோலம். கை எடுக்காமல், ஒரே கோடு எல்லாப் புள்ளிகளையும் சுற்றிக்கொண்டு தொடங்கிய இடத்துக்கே வந்து சேர வேண்டும். ஒரு வளைவு தவறினாலும் கோடு இரண்டாகப் பிரிந்துவிடும். இதைப் பெண்களின் வேலையற்ற வேலை என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த கிப்ட் சிரோமணியும், ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோரும் 1970களில் கோலங்களை வைத்துக் கணினி அறிவியலில் ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார்கள். கோலத்தின் வடிவங்களை விதிகளாக எழுத முடியுமா என்று பார்த்தார்கள். எங்கள் பாட்டிமார் படிக்கட்டோரத்தில் குந்தி உட்கார்ந்து செய்த காரியம் அந்த ஆய்வுக்கு வித்தாக இருந்தது. உங்கள் அலுவலகத்தில் அது ஏளனத்துக்கு உரியதாகப் போய்விட்டது.

கோலம் போட மண் வேண்டும். வாசற்படிக்கும் சாலைக்கும் நடுவில் முன்பு ஒரு துண்டு மண் தரை இருந்தது. சாணம் தெளித்தால் பிடித்துக்கொள்ளும். பெருக்கினால் பலகைபோல் நிற்கும். சென்ற முறை சாலை போட்டபோது சுவரிலிருந்து சுவர்வரை தாரை ஊற்றி அந்த மண்ணை மூடிவிட்டார்கள். சரி, தாரிலேயே போடுவோம் என்று பழகிக்கொண்டோம். ஆனால் சாலையின் நடுப்பகுதி மேடாகி, இரண்டு பக்கமும் வீடுகளை நோக்கிச் சரிகிறது. காலையில் தெளிக்கும் தண்ணீர் நேரே எங்கள் நிலைப்படிக்குத் திரும்பி வருகிறது, கரைந்த மாவையும் சேர்த்து இழுத்துக்கொண்டு. மார்கழி இருட்டில் என் மகள் குந்தி உட்கார்ந்து புள்ளி வைக்கும் இடம் இன்று வண்டி ஓடும் பாதை. அவள் கோலம் போடுகிறாள்; நான் கையில் டார்ச் விளக்கோடு பக்கத்தில் நின்று வண்டிகளை ஒதுங்கச் சொல்கிறேன்.

பொங்கலும் அப்படித்தான். எங்கள் வீட்டு வழக்கம், வாசல் மண்ணில் அடுப்பு வெட்டி, சுற்றிலும் மாக்கோலம் போட்டு, கிழக்கு பார்த்துப் பானை ஏற்றுவது. சம்பா அறுத்துப் புத்தரிசி வந்திருக்கும். பானைக் கழுத்தில் இஞ்சியும் மஞ்சளும் கொத்தாகக் கட்டி, பரங்கிக்காய், மொச்சை, சர்க்கரைவள்ளிக்கிழங்கு எல்லாம் போட்டுக் குழம்பு கொதிக்கும். பால் பொங்கும்போது இந்த வீட்டில் குரல் எழுப்பினால் அந்த வீட்டில் பதில் குரல் கேட்கும். திருப்பூரிலும் சென்னையிலும் வேலைக்குப் போன பிள்ளைகள் ரயிலில் நின்றுகொண்டே வருவது இதற்காகத்தான். தாரில் அடுப்பு வெட்ட முடியுமா? செங்கல்லை அடுக்கித் தீ மூட்டினால் தார் இளகி நாறுகிறது. ஆகவே இப்போது ஒருவர் கொல்லையில், ஒருவர் மாடியில், ஒருவர் சமையலறைக்குள் கேஸ் அடுப்பில். பக்கத்து வீட்டுப் பானை எப்போது பொங்கியது என்றுகூடத் தெரிவதில்லை.

ஆண்டுதோறும் பேரூராட்சி வளாகத்தில் பொங்கல் விழா நடத்துகிறீர்கள். கோலப்போட்டியும் வைக்கிறீர்கள், பரிசும் கொடுக்கிறீர்கள். நானும் கலந்துகொண்டிருக்கிறேன், அந்த எவர்சில்வர் தட்டு வீட்டில் இருக்கிறது. விழா நடத்துவதை நான் குறை சொல்லவில்லை. வீட்டு வாசல்களில் நடந்த பண்டிகையைத் தாருக்கு அடியில் மூடிவிட்டு, வளாகத்தில் சுண்ணாம்புக் கட்டம் கிழித்து அதற்குள் போடச் சொல்வது எப்படிச் சரியாகும்? பண்பாட்டைப் பற்றி மேடையில் பேசும் தலைவர்களே, எங்கள் வாசலில் கொஞ்சம் மண்ணை விட்டுவைத்தால் போதாதா? இந்த ஊரில் எந்த வேலையைத் தொடங்கினாலும் அங்கே குடியிருப்பவரைக் கேட்காமலே முடிவெடுக்கிறார்கள். குளத்துப் படித்துறைக்குக் கம்பி வேலி போட்டார்கள், யாரையும் கேட்கவில்லை. சந்தைத் திடலில் இருந்த புங்கமரத்தை வெட்டினார்கள், கேட்கவில்லை. குடியிருப்பவர்கள் கூடித் தங்கள் பகுதியின் தேவைகளைச் சொல்வதற்குப் பகுதி சபைக் கூட்டம் என்று ஒன்று சட்டத்தில் இருக்கிறது. எங்கள் வார்டில் அது எப்போது நடந்தது என்று கேட்டால், பதிவேட்டில் நடந்திருக்கிறது என்கிறார்கள். நடந்தது எங்களுக்குத்தான் தெரியவில்லை.

கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்க வந்தது சாலையைப் பற்றி.

பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் மறுசாலை போட வேண்டும், சாலை உயர்ந்து வீடுகளுக்குள் தண்ணீர் புகக் கூடாது என்று 2021-ஆம் ஆண்டிலேயே அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு துறைகளுக்கு எழுதினார். செய்தித்தாள்களில் எல்லாம் வந்தது. ஆக நாங்கள் கேட்பது சலுகை இல்லை. உங்களுக்கு மேலிருந்து ஏற்கெனவே சொல்லப்பட்டதைத்தான் கேட்கிறோம். சுரண்டும் இயந்திரம் நம் ஊருக்கு வராது, தெருவுக்குள் நுழையாது என்று அலுவலகத்தில் சொன்னார்கள். குடிநீர்க் குழாய் பதித்தபோது ஜேசிபி நுழைந்ததே? தெருவின் குறுக்கே பள்ளம் வெட்டி, பழைய தாரைப் பாளம் பாளமாகப் பெயர்த்துப் போட்டதே? குழாய்க்குப் பெயர்க்க முடிந்த தாரைச் சாலைக்குப் பெயர்க்க முடியாதா? செலவு கூடும் என்பது உண்மையாக இருக்கலாம். ஒவ்வொரு மழைக்கும் எங்கள் வீடுகளில் ஆகும் செலவை எந்த எஸ்டிமேட்டில் சேர்ப்பது?

தயவுசெய்து ஜல்லியைப் பரப்புவதற்கு முன் வேலையைச் சில நாள் நிறுத்திவையுங்கள். பொறியாளரை மட்டக்கருவியோடு எங்கள் தெருவுக்கு அனுப்புங்கள். சாலையும் சாக்கடையும் எங்கள் தூம்புகளைவிட எவ்வளவு உயர்ந்திருக்கின்றன என்று அவரே அளந்து எழுதட்டும். சுரண்டும் வேலையைச் சேர்த்து எஸ்டிமேட்டைத் திருத்துங்கள். இரண்டு ஓரங்களிலும் முன்பிருந்த அந்த மண் துண்டைத் தார் போடாமல் விட்டுவிடுங்கள். மழைநீர் இறங்கவும் அது உதவும். பொங்கலுக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரம் எங்களுக்கு இல்லை. இந்தப் பொங்கலைக் குண்டும் குழியுமான தெருவிலேயே கொண்டாடிக்கொள்கிறோம். சித்திரையில் போட்டாலும் சரி, ஆடியில் போட்டாலும் சரி, சுரண்டிவிட்டுப் போடுங்கள்.

அலுவலகத்தில் கொடுத்த மனுவுக்கு எழுத்தில் பதில் தந்தால் நன்றியுடையவர்களாக இருப்போம். நேரில் வருவதானால் எந்த வீட்டிலும் நுழைந்து பார்க்கலாம். இறங்கும்போது மட்டும் படியைப் பார்த்து வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பேரூராட்சிக்கு வீட்டுவரியும் குடிநீர்க் கட்டணமும் தவறாமல் கட்டும் ஒரு குடும்பத்தலைவி,
தெருப் பெண்கள் சார்பில்