டயர் பெரிசானால் மீட்டர் குறைத்துச் சொல்லும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போடியில் வாடகைக்கு பொலிரோ ஓட்டுகிறேன். போன வருடம் நாலு டயரும் தேய்ந்து மாற்றப் போனபோது, கடைக்காரர் "215 எதுக்குண்ணே, 235 போடுங்க, வண்டி கம்பீரமா நிக்கும்" என்றார். நானும் தலையாட்டினேன். கம்பீரமாகத்தான் நிற்கிறது, அதில் குறை சொல்ல மாட்டேன்.

மாதத்துக்கு நாலைந்து முறை மதுரைக்கு ஆஸ்பத்திரி சவாரி போவேன். ஒரே வழி, ஒரே வாசல், போய்வர மீட்டரில் 182 கிலோமீட்டர் காட்டும், ஒன்றிரண்டு முன்னேபின்னே இருக்கும். புது டயர் மாட்டியபின் அதே சவாரிக்கு 175 காட்டுகிறது. சென்சார் கோளாறோ என்று மெக்கானிக்கிடம் விட்டேன், அவர் கழற்றிப் பார்த்து, கூலியும் வாங்கிக்கொண்டு, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று அனுப்பிவிட்டார். அவர் சொன்னது சரிதான், மீட்டர் நன்றாகவே இருந்தது.

மீட்டர் ரோட்டைப் பார்ப்பதில்லை. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணி, ஒரு சுற்றுக்கு இவ்வளவு தூரம் என்று கம்பெனி வைத்த கணக்கால் பெருக்கிச் சொல்கிறது, அவ்வளவுதான். பழைய வண்டியில் இதைக் கேபிள் செய்தது, இப்போது சென்சார் செய்கிறது. 215/75 ஆர்15 என்றால் டயரின் அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 75 சதவீதம், ரிம் 15 அங்குலம். மேலும் கீழும் பக்கச்சுவரைச் சேர்த்தால் மொத்த உயரம் 703 மி.மீ. சொச்சம். 235/75 போட்டால் அது 733 ஆகிவிடும். வித்தியாசம் 4 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். உயரமான டயர் ஒரு சுற்றில் கூடத் தூரம் போகும், அதே தூரத்துக்குச் சுற்று குறையும், மீட்டரும் குறைத்துச் சொல்லும். கணக்கு வராதவர்கள் டயரில் சாக்பீஸால் கோடு போட்டு, வண்டியை ஒரு சுற்று தள்ளி, டேப்பால் அளந்து பார்க்கலாம், நான் அப்படித்தான் நம்பினேன்.

4 சதவீதம் என்ன பெரிசு என்பார்கள். மீட்டரில் வருடம் 40,000 ஓடும் வண்டிக்கு அது 1,700 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 15 ரூபாய் வாங்கும் என்னைப் போன்றவனுக்கு 25,000 ரூபாய்க்கு மேல் போகிறது. டீசல் மட்டும் உண்மையான தூரத்துக்குத்தான் எரிகிறது. முன்பு 15 கொடுத்த மைலேஜ் 13.5-க்கு இறங்கியதும் பதறிப்போனேன், கணக்குப் பார்த்தால் உண்மையில் 14. கனமான டயருக்கு ஒரு கிலோமீட்டர் போனது நிஜம், மீதி மீட்டரின் வேலை. போடிமெட்டு ஏறும்போது இழுவை குறைந்து ஒரு கியர் முன்னாடியே இறக்க வேண்டியிருக்கிறது, அது தனிக் கதை.

வேகம் இதைவிடக் குழப்பம். ஐ.நா. ஒழுங்குமுறை 39-இன்படி ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது, கூட்டிக் காட்டலாம், அதுவும் உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கு, அதோடு 4 கிலோமீட்டர் வரை. அதனால் கம்பெனிகள் கொஞ்சம் கூட்டியே வைத்துவிடுகின்றன. என் வண்டியில் பழைய டயரோடு மீட்டர் 80 என்றால் போன் மேப் 76 காட்டும், இப்போது 79. "பார்த்தீங்களா, இப்பத்தான் கரெக்டா இருக்கு" என்று கடைக்காரர் ஜெயித்த மாதிரி பேசினார். சரி, எனக்குச் சரியாக விழுந்தது. ஆனால் அந்த இடைவெளி கைக்காவலுக்கு விட்டது, அதைத்தான் நாம் தின்றுவிட்டோம். இதே 15 அங்குல ரிம்மில் மொத்த உயரம் 31 அங்குலமுள்ள டயர் ஏற்றும் தம்பிகளுக்கு 12 சதவீதம் போய்விடும். மீட்டர் 80 காட்டும்போது வண்டி 85-இல் ஓடும். வேகக் கேமராவிடம் டயர் சைஸைச் சொல்லித் தப்பிக்க முடியாது. இன்னொன்று, கூட்டிக் காட்டுவது முள்ளுக்குத்தான், கிலோமீட்டர் ஓட்டத்தை ஏறக்குறைய சரியாகவே வைத்திருப்பார்கள். முள் சரியாகிவிட்டது என்று மகிழ்கிற அதே டயர்தான் ஓட்டத்தைக் குறைக்கிறது.

டயரையே மாற்றாதே என்று சொல்லவில்லை. ஸ்விஃப்டில் கம்பெனியே 165/80 ஆர்14, 185/65 ஆர்15 என்று இரண்டு சைஸ் கொடுத்தது. ரிம் பெரிசு, பக்கச்சுவர் சின்னது, மொத்த உயரத்தில் 2 மி.மீ. கூட வித்தியாசம் இல்லை. பார்க்க வேண்டியது மொத்த உயரத்தைத்தான். ஸ்டெப்னியையும் மறக்காதீர்கள், நான் பழைய 215-ஐயே ஸ்டெப்னியாக வைத்துக்கொண்டு ஒரு நாள் பின்சக்கரத்தில் மாட்டி ஓட்டினேன், இரண்டு பின்சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலுக்கு அது நல்லதே இல்லை.

டயர் கடைகள் பில்லில் ஒரு வரி எழுதினால் போதும்: பழைய உயரம் இவ்வளவு, புதியது இவ்வளவு, மீட்டர் இத்தனை சதவீதம் குறையும். வேண்டுமா வேண்டாமா என்று அப்புறம் நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம். சில புது வண்டிகளில் சர்வீஸ் சென்டரில் டயர் சைஸை மாற்றிப் பதிய முடிகிறது, அதையும் அங்கேயே சொல்லிவிடலாம்.

என் டயர் இன்னும் ஒரு வருடம் வரும். அதுவரை 100-க்கு 4 சேர்த்து வாங்குகிறேன், நம்பாதவர்களிடம் போனில் மேப்பைப் போட்டுக்கொண்டு வரச் சொல்கிறேன். போன வாரம் ஒரு பெரியவர் அப்படியே வந்து, எல்லாம் சரிபார்த்து, முழுக் காசையும் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "ஏம்ப்பா, அப்ப வண்டிய விக்கும்போது ஓட்டம் கம்மின்னு சொல்லித்தானே விப்ப?" எனக்குப் பதில் வரவில்லை.

இப்படிக்கு,
வாடகை வண்டி ஓட்டுநர், போடி, தேனி மாவட்டம்