மேய்க்கால் புறம்போக்கு சீரமைப்பு: வேலை முடிந்த கணக்கு

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். நம் ஊர்ப் பொது மேய்ச்சல் நிலமான மேய்க்கால் புறம்போக்கில் வேலை முடிந்தது. வரவு செலவு, ரசீது நகல் எல்லாம் பஞ்சாயத்து ஆபீஸில் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். சர்வேயர் வந்து அளந்து எல்லைக்கல் நட்டாயிற்று, குட்டை தூர்வாரியாயிற்று, தண்ணீர்த் தொட்டி கட்டியாயிற்று. தெற்கு ஓரத்தில் வெள்ளாமை வைத்திருந்தவர் தாத்தா காலத்து அனுபவம் என்றார். ஊர்ப் பொதுநில ஆக்கிரமிப்பு பற்றிய ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011-லேயே அந்தப் பேச்சுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டதை எடுத்துக் காட்டினோம், விலகிக்கொண்டார்.

சரி, டீக்கடையில் கேட்கிற கேள்விக்கு வருவோம். மேற்கே ஆள் நுழைய முடியாத கருவேலங்காட்டை விட்டுவிட்டு, புல் இருக்கிற கிழக்கை ஏன் முதலில் எடுத்தீர்கள்?

இருந்த காசுக்கு இரண்டையும் எடுக்க முடியாது, அதனால்தான். கிழக்கே சீமைக்கருவேலம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தது, அடியில் கொழுக்கட்டைப் புல்லின் தூர் உயிரோடு இருந்தது. மாடு நெற்றைத் தின்றுவிட்டுச் சாணி போடுகிற இடமெல்லாம் முளைக்கிற மரம் அது, இன்னும் நாலு மழைக்காலம் விட்டிருந்தால் கிழக்கும் காடுதான். பிழைக்கிற நிலத்தை முதலில் காப்பாற்றினோம். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் செய்வோம்.

மரத்தை ஏலம் எடுத்த கான்ட்ராக்டருக்கு இது பிடிக்கவில்லை. கரி மூட்டம் போடுகிறவருக்கு அடர்ந்த காட்டில்தானே காசு. கிழக்கை வேரோடு பிடுங்கி முடித்த பிறகுதான் மேற்கில் ஒரு பட்டை நிலத்தில் கை வைக்கலாம் என்று ஏல நிபந்தனையிலேயே இருக்கிறது, கையெழுத்தும் போட்டிருக்கிறார். ஆனால் அவர் ஆட்கள் நேராக மேற்கே போய், தடித்த மரமாகப் பார்த்து முழங்கால் உயரத்தில் அறுத்து லாரியில் ஏற்றிவிட்டார்கள். சீமைக்கருவேலத்தை அப்படி அறுத்தால் ஒரு தண்டுக்குப் பத்துத் தண்டு துளிர்க்கும் என்று ஆடு மேய்க்கிற பையனுக்குக்கூடத் தெரியும். கேட்டதற்கு, தூர் எடுக்க ஜேசிபி வாடகை தனி என்றார். லாரியை நிறுத்தினோம். உடனே நம் சீரமைப்புக் குழு கமிஷன் கேட்டது என்று ஒரு பேச்சு கிளம்பியது, அதைக் கிளப்பியவர்கள் அந்த லாரி எடைச்சீட்டை ஒருமுறை பார்க்கட்டும். கடைசியில் கிழக்கை எடுத்ததும் பஞ்சாயத்துதான், அவருடைய டெபாசிட்டைப் பிடித்து வேறு ஜேசிபி வைத்து. கூடுதல் செலவு வந்தது உண்மை.

அந்தக் குறையை அடைத்தவர்கள்: கோழிப்பண்ணைக்காரர், அரிசி மில் முதலாளி, திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிற நம் ஊர் அண்ணன் தம்பிகள், பால் சொசைட்டி உறுப்பினர்கள், மேலத்தெரு மகளிர் குழு, டீசல் கொடுத்த டிராக்டர்காரர்கள் மூன்று பேர், அப்புறம் பெயர் சொல்லக் கூடாது என்ற வாத்தியாரம்மா.

விதைக்கும் ஒரு விளக்கம். தோட்டத்தில் அன்றைக்கு உருவின கொழுக்கட்டைப் புல் விதையை இலவசமாகத் தருகிறேன் என்றவரிடம் வாங்காமல் காசு கொடுத்தது ஏன் என்கிறார்கள். புது விதை லேசில் முளைக்காது, ஆறேழு மாதம் உறங்க வேண்டும், அதனால் போன வருஷத்து விதையை வாங்கினோம். முயல்மசால் என்கிற தீவனச் செடியின் விதையை வெந்நீரில் நனைத்து, ராத்திரி ஊறவைத்துப் புரட்டாசி மழைக்கு முன்னால் தூவினோம்.

புல் ஒருமுறை விதை உதிர்க்கும்வரை கிழக்கே மாடு, ஆடு எதுவும் கூடாது. காடு கழனி இல்லாத ஆட்டுக்காரர்கள் எங்கே போவார்கள் என்பது நியாயமான கேள்வி. அவர்களுக்காகத்தான் குட்டைக்கு வடக்கே மூடாமல் விட்டிருக்கிறோம், அங்கே ஆட்டுக்குத்தான் முதல் உரிமை, டிராக்டரில் மாடு கொண்டுவந்து இறக்குகிறவர்களுக்கு இல்லை.

மிச்ச டெபாசிட்டைக் கான்ட்ராக்டருக்குத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி நம் உறுப்பினர்கள் இரண்டு பேர் சிபாரிசுக்கு வருகிறார்கள். மேற்கே அவர் அறுத்துவிட்டுப் போன தூர்களைப் பிடுங்கட்டும், பஞ்சாயத்தே கொடுத்துவிடும்.