தூணுக்குச் சுற்றும் ஈரச்சாக்கு: வேலூர் மேஸ்திரிகளுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், காட்பாடி, அணைக்கட்டு, குடியாத்தம் பக்கம் வேலை எடுத்துச் செய்யும் மேஸ்திரி அண்ணன்களுக்கும், நம்மை நம்பி வீடு கட்டும் குடும்பத்தாருக்கும் வணக்கம்.

நானும் மேஸ்திரிதான். கலவை குழைக்க வந்து, கரண்டி பிடிக்கக் கற்று, இப்போது பத்துப் பேரை வைத்து வேலை பார்க்கிறேன். கடும் வெயிலில் ஆட்களை வேலை வாங்கி நான் செய்த தப்பை நீங்கள் செய்துவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

போன வருஷம் கத்திரி வெயிலில் சத்துவாச்சாரியில் ஒரு வீட்டுக்குத் தளம் போட்டோம். வீட்டுக்காரர் நல்ல நேரம் பார்த்து ஒன்பது மணிக்குப் பூஜை வைத்தார். முதல் சட்டி கலவை கொட்டும்போதே கம்பியில் கை வைக்க முடியவில்லை. மதியம் ஒரு மணிக்கு முக்கால் தளம் முடிந்திருந்தது. என்னோடு பல வருஷமாக வேலைக்கு வரும் அக்கா ஒருவர், ஐம்பது வயதிருக்கும், சாரத்தில் நின்று சட்டி கைமாற்றிக்கொண்டிருந்தார். "தலை சுத்துதுப்பா" என்றார். "இன்னும் நாலு மூட்டைதான்க்கா, முடிச்சிட்டு உக்காந்துக்கலாம்" என்றேன். சரி என்று சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு மறுபடி நின்றார்.

கொஞ்ச நேரத்தில் என்னைத் தன் தம்பி பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். அந்தத் தம்பி செத்துப் பல வருஷம் ஆகிறது. கீழே இறக்கி நிழலில் உட்கார வைத்தோம். வேர்வை கொட்டிக்கொண்டுதான் இருந்தது. வேர்வை வருகிறதே, வெறும் மயக்கம்தான் என்று நினைத்து சோடா வாங்க ஆள் அனுப்பினேன். அரை மணி நேரம் அப்படியே போனது. பிறகுதான் ஆஸ்பத்திரி. அன்றைக்கு அவருக்குச் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. உயிர் பிழைத்துவிட்டார். சிறுநீரகம் பழையபடி ஆகவில்லை. இப்போது வாசலில் உட்கார்ந்து பூ கட்டுகிறார்.

டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. பாடுபடும் உடம்பே சூட்டை உண்டாக்குகிறது. வெயில் அதன் மேல் ஏறுகிறது. வேர்வை காய்ந்தால்தான் உடம்பு ஆறும். காற்றில்லாமல் புழுங்கினால் அது வழிந்து ஓடுமே தவிரக் காயாது. உடம்பின் உள்சூடு 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் முதலில் தடுமாறுவது மூளை. பேச்சு குழறும், ஆள் அடையாளம் தெரியாது, நடை தள்ளாடும். தசை சிதைந்து ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். அந்தக் கறுத்த சிறுநீர் அதனால்தான். வேலை செய்துகொண்டிருக்கும்போது விழுகிறவருக்கு வேர்வை நிற்க வேண்டும் என்று கட்டாயமில்லை. இது தெரியாமல்தான் நான் சோடாவுக்கு ஆள் அனுப்பினேன். பேச்சு மாறினால் காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். காய்ச்சல் மாத்திரை இதற்கு உதவாது.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து சைட்டுக்குத் திரும்பினேன். முந்தின வாரம் எழுப்பிய தூண்களுக்கு ஈரச்சாக்கு சுற்றி வைத்திருந்தோம். பையன் ஒருவன் சாக்கு காயாமல் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான். தளம் வெடிக்கக் கூடாதென்று பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிறோம். 40 டிகிரிக்கு மேல் கான்கிரீட் போடுவதற்கென்றே ஐ.எஸ். 7861 என்று இந்தியத் தர விதி ஒன்று தனியாக இருக்கிறது. ஜல்லியை நிழலில் வை, தண்ணீரைக் குளிரவை என்கிறது. சிமெண்டுக்கு இத்தனை பக்குவம் பார்த்த நான், அந்த அக்காவுக்கு ஒரு ஈரத்துண்டு கொடுக்கவில்லை. அந்தத் தூண் பக்கத்தில் என்னால் நிற்க முடியவில்லை.

அதனால் கேட்கிறேன். சித்திரை, வைகாசியில் மதியம் பதினொன்று முதல் மூன்றரை வரை வெயிலில் யாரையும் நிறுத்தாதீர்கள். காலை ஆறிலிருந்து பதினொன்று, பிறகு மூன்றரையிலிருந்து ஆறரை. எட்டு மணி நேரம் குறையவில்லை, கூலியும் குறையக் கூடாது. அரை நாள் கூலி வெட்டினால் யாரும் ஓய்வு எடுக்க மாட்டார்கள், மயங்கி விழும்வரை நிற்பார்கள். துபாயில் சென்ட்ரிங் வேலை பார்த்து வந்தவர்களைக் கேளுங்கள். அங்கே ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரை வெயிலில் வேலை வாங்கச் சட்டமே விடாது. கேரளாவிலும் கோடையில் பன்னிரண்டு முதல் மூன்று வரை வெயில் வேலைக்குத் தொழிலாளர் துறை தடை போடுகிறது. தண்ணியில்லா ஆறு, மரமில்லா மலை என்று பேர் வாங்கிய நம் ஊரில் நாம் ஏன் செய்யக் கூடாது?

தளத்தைப் பாதியில் நிறுத்தினால் பழைய கலவையும் புதுக் கலவையும் ஒட்டாமல் ஜாயின்ட் விழும், ஒழுகும் என்பீர்கள். உண்மைதான். தளத்தை விடியற்காலை நாலு மணிக்குத் தொடங்குவோம். அணைக்கட்டிலிருந்து, ஒடுகத்தூரிலிருந்து வருகிறவர்களுக்கு அந்த நேரத்தில் பஸ் இல்லை. ஷேர் ஆட்டோ காசையும் காலை டிபனையும் வீட்டுக்காரர் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்காரர்களே, ஒரு வீட்டுச் செலவில் அது பெரிய தொகை இல்லை. நல்ல நேரத்தையும் விடியலுக்கு முன்னால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இதை ஆம்பளைகள் பேசுவதில்லை. நம் சைட்டில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. அதனால் அவர்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். பானை நிறையத் தண்ணீர் வைத்து என்ன பயன்? நாலு தகரம் அடித்து ஒரு மறைப்பு, ஒரு கழிப்பறைக் கோப்பை, ஒரு கதவு. அதை அஸ்திவாரம் தோண்டும் நாளிலேயே செய்யுங்கள். அப்புறம் இருபது நிமிஷத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். உப்புப் போட்ட நீர்மோர், கேழ்வரகுக் கூழ் இருந்தால் இன்னும் நல்லது.

காலேஜ் லீவுக்கு வரும் புதுப் பையன்களை முதல் நாளே முழு வேலையில் விடாதீர்கள். உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்று இரண்டு வாரம் ஆகும். முதல் சில நாளில்தான் ஆபத்து அதிகம். "வயசுப் பையன், தாங்குவான்" என்று நாமாக முடிவு செய்யக் கூடாது.

2024 அக்டோபரில் நம் அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலில் இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். அந்தப் பணத்துக்கு யாரும் மனுப் போடும் நிலை நம் சைட்டில் வரவே வேண்டாம்.

நான் அடுத்து போடும் தளம் காட்பாடியில், வரும் ஞாயிறு விடியற்காலை நாலு மணிக்கு. மிக்சர் சத்தம் கேட்கும் என்று பக்கத்து வீடுகளில் சொல்லிவிட்டேன், சரி என்றார்கள். கீழ்த்தளத்தில் கீற்றுப் பந்தலும் இரண்டு பானையும் வைத்தாயிற்று, தகரக் கதவுக்குத் தாழ்ப்பாளும் போட்டாயிற்று. முடிந்தவர்கள் வந்து பாருங்கள். பத்தரைக்குள் முடித்துவிடுவோம்.

இப்படிக்கு,
உங்களில் ஒரு மேஸ்திரி