‘குடும்பத் தகராறு’ என்று மட்டும் சொல்லிக் காவலரை அனுப்பாதீர்கள்

தமிழ்நாடு காவல்துறைத் தலைமை இயக்குநர் அவர்களுக்கும், மாவட்டக் கட்டுப்பாட்டு அறை அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

2025 ஆகஸ்டில் திருப்பூர் மாவட்டம் குடிமங்கலம் அருகே ஒரு தோட்டத்தில் அப்பா மகன் சண்டை என்று இரவில் அழைப்பு வந்தது. விலக்கிவிடப் போன சிறப்பு உதவி ஆய்வாளர் வெட்டிக் கொல்லப்பட்டார். 2021 நவம்பரில் திருச்சி மாவட்டம் நவல்பட்டு சிறப்பு உதவி ஆய்வாளர் ஆடு திருடர்களைத் தனியே பைக்கில் விரட்டிப்போய் உயிரிழந்தார். அதன்பின் இரவு ரோந்துக்குத் துப்பாக்கியோடு போகச் சொன்னீர்கள். அது தேவைதான். ஆனால் கத்தியோடு ஓடி வருபவர் 21 அடியைச் சுமார் ஒன்றரை நொடியில் கடந்துவிடுவார். உறையைத் திறந்து துப்பாக்கியை எடுப்பதற்குள் அவர் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்திருப்பார். துப்பாக்கிக்கு முன்னால் காவலருக்குத் தகவலும் துணையும் வேண்டும்.

100-க்கு அழைப்பவர் பதற்றத்தில் நிறையச் சொல்கிறார். அது நிலையத்துக்கு வந்து, ரோந்து வண்டியின் வயர்லெஸ் மைக்குக்குப் போய்ச் சேரும்போது ‘தகராறு’ மட்டுமே மிஞ்சுகிறது. அழைப்பை எடுப்பவர் கட்டாயம் கேட்க வேண்டியவை உண்டு: கையில் என்ன இருக்கிறது, குடித்திருக்கிறார்களா, எத்தனை பேர், யாருக்காவது காயமா, அடித்தவர் இன்னும் அங்கேயே இருக்கிறாரா, வெளிச்சம் உண்டா, நாய் உண்டா. பதில்களை அப்படியே மைக்கில் சொல்ல வேண்டும். வண்டி போய்ச் சேரும்வரை அழைப்பவரோடு தொடர்பில் இருக்க வேண்டும். போகிற வழியில் நிலைமை மாறலாம். அதே முகவரியிலிருந்து முன்பு வந்த அழைப்புகளும், அங்கிருப்பவர் மீதுள்ள வழக்குகளும் திரையில் தெரிய வேண்டும்.

ஆயுதம் என்ற சொல் வந்தாலே இரண்டாவது வண்டி கிளம்ப வேண்டும், 108-க்கும் சொல்லிவிட வேண்டும். முதல் வண்டி சற்றுத் தள்ளிக் காத்திருக்கலாம் என்று எழுத்தில் உத்தரவு வேண்டும். உள்ளே ஒருவர் வெட்டுப்பட்டுக்கொண்டிருந்தால் காத்திருக்க முடியாதுதான். மற்ற நேரங்களில், தாமதத்துக்கு விளக்கம் கேட்பார்களே என்ற பயத்தில்தான் பலர் தனியாக நுழைகிறார்கள்.

ரோந்து வண்டியில் போகிறவர்களுக்கு: கடைசித் தெருவில் சைரனை நிறுத்துங்கள். வண்டியை வாசலுக்கு நேரே நிறுத்தாமல், இரண்டு வீடு முன்னால், வெளியேறும் திசை பார்த்து நிறுத்துங்கள். ஹெட்லைட் முதுகுக்குப் பின்னால் எரிந்தால் இருட்டில் நிற்பவருக்கு நீங்கள் தெளிவான குறி. கதவுக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று தட்டுங்கள். ஒரு காவலர் பேசினால் இன்னொரு காவலர் அங்கிருப்பவர்களின் கைகளையும் இருட்டு மூலைகளையும் மட்டும் பார்க்க வேண்டும். அவர் நோட்டில் எழுதக் கூடாது. சண்டையில் எத்தனை பேர் என்று கேட்டு எண்ணுங்கள். ஒரு ஆள் கணக்கில் வராவிட்டால் அவர் எங்கே என்று தெரியும்வரை யாருக்கும் முதுகைக் காட்டாதீர்கள். சமையலறையில் வைத்துச் சமாதானம் பேச வேண்டாம். கைக்கெட்டும் தூரத்தில் அரிவாள்மனை இருக்கும்.

இருபது ஆண்டுக்கு மேல் பணி செய்த பிறகுதான் காவலர்கள் சிறப்பு உதவி ஆய்வாளர் ஆகிறார்கள். ஐம்பதைக் கடந்தவரைப் போதையில் இருக்கும் இளைஞர்களிடம் அனுப்பும்போது உடன் இளம் காவலர் ஒருவரையாவது அனுப்புங்கள். ஓட்டுநர் அந்தக் கணக்கில் சேர மாட்டார்.

ஒவ்வொரு ரோந்து வண்டியிலும் வெட்டைத் தாங்கும் மேலங்கி இரண்டு, நல்ல டார்ச் இரண்டு, ரத்தப்போக்கை நிறுத்தும் டூர்னிக்கே பட்டை இரண்டு, அழுத்துக் கட்டுத்துணி இவை வேண்டும். கையிலோ தொடையிலோ பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் சில நிமிடங்களிலேயே உயிர் போய்விடும். காயத்துக்கு மேலே, மூட்டின் மீது படாமல், ரத்தம் நிற்கும்வரை பட்டையை இறுக்கி, கட்டிய நேரத்தை எழுதி வைக்க ஒவ்வொரு காவலருக்கும் கற்றுக்கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற காவலர்கள் சிலர்